கண்ணாடி ஓரத்து நீலச் சட்டை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் மாடிப்படியோடு சண்டை போடுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைக் கடைசியில் கேட்கப்போகிறேன், மழுப்பாமல் பதில் எழுது.

நீ முதன்முதலாகத் தனியாக எடுத்த கல்யாணப் படங்கள் இருநூற்றுப் பன்னிரண்டும் வந்தன. போனில் பார்த்தால் கண் பூத்துப்போகிறது என்று தெருமுனைக் கடையில் கொடுத்து பிரிண்ட் போட்டு வாங்கி, துணி வெட்டும் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். கடைக்காரர் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார், யாரென்றே தெரியாது என்றேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெண்ணின் அப்பா ஒரு படத்தில்கூட இல்லை என்று அந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும். ஆனாலும் போன மாதம் மாடிவீட்டு டீச்சர் மகளின் கல்யாணத்தில், பெண்ணுக்கு உடுப்பு தைத்தவள் என்ற உரிமையில், சாப்பாட்டையும் மறந்து போட்டோக்காரர் பின்னாலேயே உனக்காகச் சுற்றினேன். அவர் என்னைப் பெண்ணின் அத்தை என்று நினைத்து, அத்தை கொஞ்சம் ஓரமா நில்லுங்க என்று இரண்டு தடவை கெஞ்சினார், மூன்றாம் தடவை லென்ஸ் பையையே என் தோளில் மாட்டிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொள். முதல் நாளே மண்டபத்துக்குப் போய் வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டுமாம். விவரம் தெரிந்த ஒரு உறவுக்காரியைப் பிடித்து, யார் யாரோடு நிற்க வேண்டும் என்று எழுதி வாங்கி, எடுக்க எடுக்கப் பட்டியலில் பெயரை அடித்துக்கொண்டே வர வேண்டுமாம். பாட்டரியும் கார்டும் இரண்டிரண்டு வேண்டுமாம். பெண்ணின் அப்பாவை மேடையில் தேடாதே, அவர் வாசலிலோ சமையல்கட்டுப் பக்கமோதான் நிற்பார், நீதான் போய்க் கூட்டிவர வேண்டும். இனி நான் சொல்வது. பட்டனை அழுத்தும் முன் ஆளின் தோளைப் பார், அது காதுவரை ஏறியிருந்தால் எடுக்காதே, ஏதாவது கதை கேள், தானாக இறங்கும். அளவெடுக்கும்போது நான் அதைத்தான் செய்கிறேன். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆட்களையும் ஒன்று எடு.

ஏன் சொல்கிறேன் என்றால் நேற்று டீச்சர் ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார், ஒன்றில்கூட நான் இல்லை. எப்படி இருப்பேன், படம் எடுத்தவர் முதுகுக்குப் பின்னாலேயே அல்லவா நின்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினை நிறுத்திவிட்டால் இந்த வீட்டில் வேறு சத்தமே இல்லையடா. டீ போட்டால் கை பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுக்கிறது. வாரம் ஒரு தடவை பஸ்ஸிலிருந்து உன் குரல் வருகிறது, முகத்தைக் காட்டு என்றால் சிக்னல் இல்லை என்கிறாய். நீ ஊரைவிட்டுப் போய் எட்டு மாதமாயிற்று. அதனால்தான் முன்பின் தெரியாதவர்களின் படங்களை மூன்று தடவை பார்த்தேன், எங்காவது நீ இருப்பாயா என்று. ஒன்றில் இருந்தாய். பெண் கண்ணாடி முன் நிற்கிறாள், கண்ணாடியின் ஓரத்தில் கேமராவைப் பிடித்த ஒரு கை மட்டும், நீலச் சட்டை. நான் தைத்தது எனக்குத் தெரியாதா. கை முனையில் தளர்வுக்கு ஒன்று, இறுக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பட்டன் வைத்திருந்தேன், தளர்வில் போட்டும் இறுக்கிப் பிடிக்கிறது என்று கிளம்பும்போது முனகினாய். இப்போது இறுக்கத்தில் போட்டிருக்கிறாய், அப்படியும் மணிக்கட்டைச் சுற்றித் தொளதொளவென்று தொங்குகிறது. சிக்னல் ஏன் கிடைப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வேலை நல்லபடியாக முடியும், என் ஆசீர்வாதம் உன் பக்கத்திலேயே நிற்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. எல்லாம் முடிந்ததும் கேமராவை யாரிடமாவது கொடுத்து உன்னை ஒரு படம் எடுக்கச் சொல், மறந்துவிடாதே, கடைசியில் கேட்கிறேன் என்றது இதைத்தான். சிரிக்க வேண்டாம், அளவெடுக்க நிற்பதுபோல் நேராக நின்றால் போதும். எப்படி இருந்தாலும் திட்டமாட்டேன். புதுச் சட்டைக்குத் துணி எடுத்து மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன், பழைய அளவில் கத்தரி வைக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா