முதல் வரிசைத் தக்காளி

ஷெராபாத்
மார்ச் 4

அன்பு மகள் மோஹிராவுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மனிதர்கள் எல்லோரும் நலம், செடிகளில் பாதி நலமில்லை. நோவோசிபிர்ஸ்க் குளிரில் உன் இருமல் குறைந்ததா. தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருக்கிறார். அவர் காதில் விழாமல் ஒன்று சொல்ல வேண்டும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வரும்போது நம் பசுமைக்குடிலுக்குள் போகாதே. கோபப்படாமல் முழுவதும் படி.

நீ அந்தக் காய்கறிக் கிடங்கில் தரம் பிரிக்கச் சேர்ந்ததிலிருந்து அனுப்பும், ஊர்ப் பெயர் போட்ட தக்காளிப் பெட்டிச் சீட்டுப் படங்களை வைத்து வகுப்பறை வரைபடத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருக்கிறேன். டிசம்பரில் துருக்கி. ஜனவரியில் ஈரான், அஜர்பைஜான். பிறகு துர்க்மேனிஸ்தான். மார்ச்சில் நம் முறை. பார்க்கப் பார்க்க வியப்பு. உலகத்தில் தக்காளி அதிகம் விளைவது சீனாவில், அடுத்து இந்தியாவில், ஆனால் இரண்டு இடத்திலிருந்தும் பழமாக வெளியே போவது கொஞ்சம்தான். வெயிலே காணாத நெதர்லாந்து விளக்குப் போட்டு வளர்த்து ஊருக்கெல்லாம் விற்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். நிறைய வெச்சிருக்கறவன் தானே தின்னு தீத்துக்கறானா, நல்ல மனுஷன், நம்ம பக்கம் வராம இருந்தா சரி என்றார். அது ஜனவரி முதல் வாரம். அப்போது சிரித்தோம்.

பிறகு நோர்குல் மாமாவின் மகனுக்குக் கல்யாணம். விடியற்காலைப் புலாவ் விருந்துக்கு முந்நூறு ஆண்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கூட்டம் நம் இரண்டு குடில்களில் முதலாவதைப் பார்க்க வந்தது. அப்பா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து முதல் வரிசைக்கு அழைத்துப் போனார். ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். ஒருவர் காயை அழுத்திப் பார்த்தார். மூன்றே வாரம். முதல் வரிசையில் இலைகள் குறுகிச் சுருங்கின, காய்களில் பழுப்புத் தழும்பு. பயிர்நோய் பார்க்கும் அதிகாரி அம்மா வந்து இரண்டு குடிலிலும் இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பத்து நாள். நோய் இருந்தால் எல்லை தாண்டும் சான்று கிடைக்காது, இந்த வருடம் போயிற்று. அந்தப் பத்து நாளும் அப்பா தேநீரை நின்றுகொண்டே குடித்தார்.

முதல் குடிலில் நோய். இரண்டாவது சுத்தம். கல்யாணத்தன்று அதில் சூடேற்றும் அடுப்பைப் பழுது பார்த்ததால் பூட்டியிருந்தது, அதுதான் காரணம். மனிதரை ஒன்றும் செய்யாத வைரஸ், கையிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு செடிக்குச் செடி போகுமாம், பழத்திலும் இருக்குமாம். உள்ளே யாரெல்லாம் வந்தாங்க என்று அவள் கேட்டாள். யாருமில்லம்மா, விருந்தாளிங்கதான் என்றார் அப்பா.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. புலாவோடு தக்காளியும் வெங்காயமும் சீவிப் போட்ட தட்டு, கையால் எடுத்துத் தின்றது. முன்னால் கை கழுவ ஊற்றினார்கள், பின்னால் துடைக்கத் துண்டு மட்டும், அதே கையோடு நம் குடிலுக்கு வந்தார்கள். சமையல்காரரிடம் போய் அந்தத் தக்காளி எங்கே வாங்கியது என்று கேட்டேன். பஜார்லதான் டீச்சர், ஜனவரில மரத்துலயா காய்க்குது என்றார். பெட்டி எங்கே. அடுப்புக்குப் போயிற்று. அந்தக் குண்டூசிக்கு மட்டும் வரைபடத்தில் இடமில்லை. அதுதான் காரணம் என்று நிரூபிக்கவும் வழியில்லை.

இரண்டாயிரம் செடிகள். நான்கு நாள் பிடுங்கி எரித்தோம். முதல் வரிசையை அப்பா வேறு யாரையும் தொட விடவில்லை.

இனி ஒருவரையும் உள்ளே விடாதீர்கள் என்று அதிகாரி அம்மா சொன்னதற்கு, வந்தவனை வாசல்ல நிறுத்தறதுக்குப் பதிலா நான் குடிலையே பிரிச்சுடுவேன் என்றார் அப்பா. மறுநாள் பார்த்தால் வாசலில் கூஜா, தாம்பாளம், சோப்பு, பக்கத்தில் பால்பவுடர் கரைத்த வாளி. பால் அந்த வைரஸை அடக்குமாம், அவள் சொன்னதுதான். வருகிறவர் கையில் அப்பாவே மூன்று முறை ஊற்றுகிறார். மரியாதை கெடவில்லை. ஒரே சிக்கல், கை கழுவியவன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறான். நோர்குல் மாமா கழுவிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து, என்ன மச்சான், பாலெல்லாம் ஊத்திக் குளிப்பாட்டிட்டீங்க, புலாவ் எங்கே என்றார். அதனால் இப்போது வாசலிலேயே ரொட்டியும் தேநீரும் வைக்கிறேன். தின்கிறார்கள், பாலித்தீன் வழியாகப் பார்க்கிறார்கள், நேரமாச்சு என்று போய்விடுகிறார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. அப்பா இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, தெரியவில்லை. கேட்கவில்லை.

இனி உன் விஷயம். நான்கைந்து நாட்டுத் தக்காளி தினமும் உன் கையில். சென்ற வாரம் குண்டூசிகளை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, அவ வரட்டும் என்றார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. விருந்தாளி கையில் நீர் ஊற்றலாம். மகளை வாசலில் நிறுத்தி ஊற்றினால் அவளும் விருந்தாளி. உன்னிடம் அந்தக் கூஜாவை நீட்ட அவரால் முடியாது. நீ சின்ன வயதிலிருந்து வந்ததும் முதலில் ஓடுவது செடிகளிடம்தான், அதைத் தடுக்கவும் முடியாது. கையைக் கழுவு என்று அவரைச் சொல்ல வைக்காதே. களைப்பு என்று சொல், கால்வலி என்று சொல், வீட்டுக்குள் வந்துவிடு.

வீட்டில் ஒன்று இருக்கிறது. சமையலறை ஜன்னலருகே பெயிண்ட் வாளியில் ஒற்றைச் செடி. ஜனவரி முடிவில் இரண்டாவது குடிலிலிருந்து கொண்டுவந்து வைத்தார், சோதனை முடிவு வருவதற்கும் முன்னால். குடிலுக்குப் போய்வந்த உடையோடு அதன் அருகில் போவதில்லை. நேற்று ஒன்று சிவந்திருந்தது, பறிக்கப் போனேன். வேணாம், இருக்கட்டும் என்றார். யாருக்கென்று சொல்லவில்லை.

இரண்டாவது குடிலுக்குச் சான்று வந்துவிட்டது. இந்தக் கடிதம் அந்த லாரியில்தான் வருகிறது, பின்னால் இருப்பது நம் பழம். ஒரு பெட்டிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, ஷெராபாத்தில் குண்டூசி குத்த வேண்டும். வேலைக்குப் போடும் கோட்டையும் காலணியையும் அங்கேயே விட்டுவிட்டு வா, மறக்காதே. உன் வழியெல்லாம் பனி விலகட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா குல்சரா