வெற்றுக் கரைசலில் பரசிட்டமோல்

பேர்ண், மார்ச் 4, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மருந்தே சேர்க்காத கரைசலில் பரசிட்டமோல் இருப்பதாக இன்று எங்கள் மின்முனை, கரைசலில் கலந்த மருந்தை மின்னோட்டத்தால் கண்டறியும் கருவி, காட்டியது. ஆய்வுகூடத்தில் மின்முனைகளைத் தேய்த்துக் கார்பன் பூசுவது என் வேலை. ஆராய்ச்சி மாணவர் கார்த்திக், மதுரைக்காரர், நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று பேராசிரியையிடம் ஜெர்மன் மொழியில் சொன்னார். மூன்று தடவை தேய்த்துப் புதிதாகப் பூசினேன். திரை வரைபடத்தில் மருந்தைக் காட்டும் அதே மேடு.

பிறகுதான் அவருடைய தராசுக்குப் பக்கத்தில் அரை மாத்திரை கிடந்ததைக் கண்டேன்.

"இது என்ன தம்பி?"

"தலைவலி, அக்கா. பாதி போதும்னு கரண்டியால ஒடச்சேன்."

"அந்தக் கரண்டியாலயோ கரைசலுக்கு உப்பு அள்ளினனீர்?"

கழுவிய கரண்டியால் உப்பை அள்ளிப் புதுக் கரைசல் செய்தேன். மேடு போய்விட்டது.

பேராசிரியை வந்து பார்த்துச் சிரித்தார். தேய்ப்பில்தான் பிழை என்று நினைத்து, இனிக் கவனமாகத் தேய்க்கச் சொன்னார். கார்த்திக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் "யா, யா" என்று தலையாட்டினேன்.

கரண்டியில் ஒட்டிய தூளைக்கூட அந்த மின்முனை மறைக்கவில்லை. அதைச் செய்த நான்தான் மறைத்தேன்.