மன்னிப்புத் தாளின் பின்பக்கம்

ஃபீனிக்ஸ்,
ஆகஸ்ட் 9

என் தங்கம் நோயெமிக்கு,

உன் அப்பாவும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம், வெயில் எங்களைவிட நன்றாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மினியாபொலிஸில் சுகம்தானா, உன் முதுகுவலி குறைந்ததா என்று எழுது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னை ஒரு பேச்சு முடிக்க விடவில்லை. "அம்மா, பேசாம அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுடு, இல்லன்னா வண்டிய வித்துட்டு இங்க வந்துடு, அந்த ஊருக்கு இன்னும் எத்தன நாள் ஆயுசு" என்று நீயே கேட்டு நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நடந்ததை உன் அப்பா வாயால் கேட்டிருப்பாய், அவர் பாதியைச் சிரித்தும் பாதியைப் பயந்தும் சொல்லியிருப்பார், எந்தப் பாதி எது என்று அவருக்கே தெரியாது. நான் சரியாகச் சொல்கிறேன். வடக்கே கணினிச் சிப் தொழிற்சாலை கட்டும் இடத்துக்கு மூன்று வருடமாக என் சாப்பாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன், அது உனக்குத் தெரியும். கம்பி கட்டுகிறவர்கள் வேலை செய்யும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவேன், இருபதடி நடந்தால் போதும், ரொட்டியில் சுருட்டிய பர்ரிட்டோவும் எலுமிச்சை பிழிந்த வெள்ளரியும் ஐஸ் தண்ணீரும் கைக்கு வந்துவிடும். ஜூன் மாதம் ஒப்பந்தக் கம்பெனி கேட்டில் ஒரு தாள் ஒட்டியது, இனி வெளி வண்டி எதுவும் உள்ளே வரக் கூடாது, சாப்பாட்டுக்கூடம் ஒன்று உள்ளேயே திறந்தாகிவிட்டது என்று. கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன், குளுகுளுவென்று இருக்குமாம். ஆனால் கட்டடத்திலிருந்து அங்கே போகக் கால்மணி, திரும்பி வரக் கால்மணி, இடைவேளையே அரைமணிதான். வழியெல்லாம் வெறும் சரளை, நிழலுக்கு ஒரு கந்தல் துணி கிடையாது. அந்த ஏசிக் கூடத்தை வரைந்தவர் ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்றார் உன் அப்பா. நாங்கள் ஐந்து வண்டிக்காரர்களும் கேட்டுக்கு வெளியே சாலையோரம் போய் நின்றோம், எங்களிடம் வருகிறவர்களுக்கும் அதே தூரம்தான்.

ஜூலை பதினேழு, நூற்றுப் பதினாறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். மதிய இடைவேளையில் ஒருவன் உள்ளேயிருந்து ஓடி வந்தான், "செனைடாம்மா, பொன்சியானோ விழுந்துட்டான், என்னென்னமோ ஒளர்றான், ஐஸ் இருந்தா குடுங்க" என்றான். பொன்சியானோ எல்லைக்கு அந்தப் பக்கம் நம் சொனோராவிலிருந்து வந்த ஆள், நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள், கம்பி கட்டுகிற கூட்டத்தில் அவன்தான் சத்தக்காரன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார்களாம். அவன் விழுந்த இடம் அரை மைல் உள்ளே, வாளியில் ஐஸ் தூக்கிக்கொண்டு ஓடினால் போய்ச் சேரும்போது தண்ணீர்தான் மிஞ்சும். வண்டியைக் கிளப்பினேன். கேட்டில் காவலுக்கு டெல்பர்ட் இருந்தார், ஒஹாயோ குளிர் தாங்காமல் இங்கே வந்த பெரியவர், கெட்டவர் இல்லை. "உள்ள விட முடியாதும்மா, என் வேலையே போயிடும்" என்று கையை விரித்தார். "வேலை போனா வேற வேலை கெடைக்கும், இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்? அவன் உசுரு போனா எவன் குடுப்பான்? தள்ளி நில்லுங்க" என்றேன். அவர் தள்ளி நின்றார், தடுப்புக் கட்டையைத் தூக்கவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. கட்டை ஒடிந்தது.

அவனுக்கு வியர்வை நின்றுபோயிருந்தது மகளே, கையை வைத்தால் ரொட்டிக்கல்லைத் தொட்ட மாதிரி சுட்டது. என்னைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு, லாரிச் சாவியை எங்கே ஒளித்தாய் என்று சண்டை பிடித்தான். வண்டி நிழலில் கிடத்தி, இருந்த மூன்று பெட்டி ஐஸையும் அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் கொட்டினோம், மேலே தண்ணீர் ஊற்றி அட்டைகளால் விசிறினோம். சாவி பீரோவில் இருக்கிறது, பேசாமல் படு என்று நானும் அவன் பெண்டாட்டியாகவே பதில் சொன்னேன். ஆம்புலன்ஸில் வந்த பெண், ஐஸ் வைத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். "நல்ல வேளை" என்றாள், அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பிழைத்துவிட்டான், சிறுநீரகம் தேறக் கொஞ்சம் நாளாகுமாம்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வேலைக்கு வந்தவர்கள் யாரும் கருவியைத் தொடவில்லை. யாரும் கூட்டம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, கேட்டுக்கு முன்னால் தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் வந்து, இங்கே ஒரு நாள் தாமதமானால் உலகமே காத்திருக்கும் தெரியுமா என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், மின்வேலைக்காரி, "காத்திருக்கட்டும் சார், உலகத்துக்கு நெழல் இருக்கு" என்றாள். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் கம்பெனி இறங்கி வந்தது, கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நிழற்பந்தல், தண்ணீர்த் தொட்டி, மணிக்கு ஒருமுறை ஓய்வு, சாப்பாட்டு வண்டிகளும் உள்ளே வரலாம். நான்கு வண்டிகளுக்கு உடனே அனுமதி. என் வண்டிக்கு மட்டும் ஒரு தாள் நீட்டினார்கள், அனுமதியில்லாமல் நுழைந்தது தவறு, மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கினேன், இனி எக்காரணத்துக்காகவும் அப்படிச் செய்யமாட்டேன் என்று. நீ கையெழுத்துப் போடச் சொன்னது அதில்தான். எக்காரணத்துக்காகவும் என்ற சொல்லை நீ படித்தாயா, நான் நாலு முறை படித்தேன்.

ஊருக்கு ஆயுசு இல்லை என்றாயே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் எந்தத் திசையில் வளர்கிறது என்று நான் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, இருபத்திரண்டு வருடமாக என் வண்டி எங்கே நின்றதோ அங்கே வளர்ந்தது. முதலில் வீடுகள். குளிரில் விறைத்த பெரியவர்கள் வெயில் தேடி வந்தார்கள், அவர்களுக்கு வீடு, அதைக் கட்ட வந்தவர்களுக்கு வீடு, இவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அந்தப் பெரியவர்கள் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி. நீ எட்டாவது படித்தபோது வீட்டுக்கடன், வீட்டு விலை எல்லாம் சரிந்தது, மரச்சட்டம் நட்டு அப்படியே விட்டுப்போன வீடுகளுக்கு நடுவில் வண்டியோடு நான் மட்டும் நின்றேன், காலி வீடுகளுக்குப் பூட்டு மாற்ற வந்த ஒருத்தன்தான் எனக்கு வாடிக்கை. இந்த ஊர் முடிந்தது என்று அன்றைக்கும் சொன்னார்கள். அப்புறம் கிடங்குகள் வந்தன, போனில் பதில் சொல்லும் ஆபீஸ்கள் வந்தன, கணினிகளை அடுக்கி வைக்கும் ஜன்னல் இல்லாத கொட்டகைகள் வந்தன, இப்போது சிப். ஒவ்வொன்று வரும்போதும் இதுதான் ஊரைத் தாங்குகிறது என்று கோட்டுப் போட்டவர்கள் டிவியில் சொல்வார்கள், "நான் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா ஊரே மூட்ட கட்டிடும், என்னையக் கூப்பிட்டு ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்" என்று ஏசி பழுதுபார்க்கும் உன் அப்பா சோபாவிலிருந்து கத்துவார். சிரிப்பு வந்தாலும் அவர் சொல்வதில் பொய் இல்லை. வெயிலும் மலிவான நிலமும் மட்டும் இங்கே யாருக்கும் சம்பளம் தரவில்லை, விடிவதற்குள் எழுந்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் எல்லாக் கம்பெனியும் வருகிறது. அந்த ஆள் கீழே விழுந்தால் எந்தக் கட்டையையும் உடைக்கலாம். தண்ணீர் விஷயத்தில் நான் உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன், நமக்குத் தண்ணீர் தருகிற ஆறு சுருங்குகிறது, எல்லாருக்கும் தெரியும். முன்பு இங்கே இருந்த பருத்தி வயல்கள் குடித்ததைவிட வீடுகள் குறைவாகத்தான் குடிக்கின்றன என்கிறார்கள், இருக்கலாம். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. முடிகிற நாளிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பசிக்கும், அது தெரியும்.

திங்கட்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் அச்சடித்த பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. திருப்பி, பின்பக்கத்தில் நம் ஸ்பானிஷ் மொழியில் எழுதினேன்: கட்டையை உடைத்தது நான்தான், என் கணவர் வந்து புதுக் கட்டை போட்டுத் தருவார். உள்ளே வந்தது தவறு என்று எழுத மாட்டேன். நாளைக்கு யாராவது விழுந்தால் நாளைக்கும் வருவேன். கீழே முழுப்பெயரையும் போட்டேன். ஆபீஸில் இருந்த நம்மூர்ப் பெண் அதை மேலாளருக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டினாள், கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே படித்தாள். அவர் என்னைப் பார்க்காமல், அப்படியானால் உங்கள் வண்டிக்கு அனுமதி இல்லை என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். உன் அப்பா செவ்வாய்க்கிழமை போய்க் கட்டையைப் போட்டுக் கொடுத்தார், பழையதைவிடப் பலமாகப் போட்டிருக்கிறாராம், "அடுத்த தடவ வேகமா வா" என்று என்னைக் கிண்டல் வேறு.

அந்தக் கேட் எனக்கு மூடியதுதான், உன்னிடம் மறைக்க மாட்டேன். பந்தலுக்குக் கீழே இப்போது மற்ற நான்கு வண்டிகளும் நிற்கின்றன, அதைப் பார்த்துக்கொண்டே சாலையில் போகும்போது நெஞ்சு கொஞ்சம் வலிக்கும், அதற்காக என்ன செய்ய, ஆட்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் கிடந்த பருத்தி நிலத்தை விற்றுவிட்டார்கள், தொழிற்சாலைக்கு வருகிறவர்களுக்கு வீடு கட்டப் போகிறார்கள், நேற்று அளவுக்குச்சி நட்டார்கள். இன்று காலை மண்வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன்னாலேயே அங்கே என் வண்டி நின்றது. முதல் நாள் என்பதால் எட்டுப் பேர்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமானதைத் தனியாகத் தூக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குவாதலூப்பே மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாள், தினமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன். டிசம்பரில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வர வேண்டும், டிக்கெட்டை இப்போதே போடு, போன வருடம் மாதிரி கடைசி நேரத்தில் சாக்குச் சொல்லாதே. வண்டியை விற்கச் சொல்லி இனி போன் செய்யாதே. உங்கள் ஊரில் வேலை இல்லாமல் யாராவது இருந்தால் என் நம்பரைக் கொடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
செனைடா