ஜப்பான் மலைக்கோட்டையில் மீனா

சனிக்கிழமை இரவு, கேட்டி ஊரில்

பேரன் அருண் டாக்டருக்குப் படிக்கிறான். சின்னவள் நிலா நீச்சலில் கோப்பை வாங்கினாள். பெரிய பேத்தி மீனா தனியாக ஜப்பான் போய், மலை உச்சியில் இடிந்த கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறாள்.

இன்று மதியம் வீடியோவில் காட்டினாள். பாசி பிடித்த கற்சுவரும் மரங்களும்தான் தெரிந்தன.

"கோட்டை எங்கடி?"

"இதுதான் பாட்டி. மேல இருந்த மரக்கட்டடம் எப்பவோ போயிடுச்சு. நான் அந்தச் சுவர் மேலதான் நிக்கிறேன்."

சொந்தக்காரர்களுக்கு அனுப்ப முழு உருவமாகப் படம் வேண்டுமென்று, "போனைச் சாய்ச்சு வச்சிட்டு, கொஞ்சம் பின்னாடி போ" என்றேன். அவள் நகர்ந்தாள். போன் கட்டாகிவிட்டது. சுவருக்குக் கைப்பிடி இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மலையில சிக்னல் இருக்காது அத்தை, தூங்குங்க" என்கிறாள் மருமகள்.

மீனா, கண்ணு, முழு உருவம் வேண்டாம். கீழே இறங்கியதும் முகம் மட்டும் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு படம் போடு.