மன்னார்குடி பார்க்கப் போன நாள்

நெட்ட மாமா,

காலையில் மகள் சந்தையிலிருந்து தாழம்பூ வாங்கி வந்தாள். வீடெல்லாம் வாசம். அன்றைக்கு மன்னார்குடியிலிருந்து நீங்கள் எனக்கு வாங்கி வந்ததும் தாழம்பூதான்.

குத்தகைக்காரர் பேரைச் சர்க்கார் பதியப் போகிறது, இனி நிலத்தை விட்டு யாரும் துரத்த முடியாது என்று கொடி பிடித்தவர்கள் சொல்லிப் போன வருஷம் அது. நம்மை வாசலோடு நிறுத்துகிற பண்ணைவீட்டுக் காரியஸ்தர், அன்றைக்கு விடிந்ததும் நம் வாசலில் வந்து நின்றார்.

"பொறந்ததுலேருந்து இந்த மூணு மா நிலத்தைத் தாண்டி என்னப்பா பார்த்தே? வா, மன்னார்குடியைச் சுத்திக் காட்டுறேன்."

"என்ன திடீர்ப் பாசம்?" என்று உங்கள் காதில் முணுமுணுத்தேன்.

"உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்டி" என்றீர்கள். வெளுத்த வேட்டி கட்டி வண்டியில் ஏறிவிட்டீர்கள்.

கொஞ்ச நேரத்தில் பேர் பதிகிற அதிகாரியின் ஜீப் வந்தது. பண்ணை ஆட்கள் நம் வயலில் இறங்கிக் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். "இதை யார் பயிரிடுறது?" என்று அதிகாரி கேட்டார்.

"பண்ணையோட சொந்தச் சாகுபடிங்க."

நான் ஓடினேன். "எங்க வீட்டுக்காரர் நட்ட பயிருங்க!"

"அவரை வரச் சொல்லும்மா."

"மன்னார்குடி பார்க்கப் போயிருக்காருங்க."

"குத்தகைக்காரர் ஊர்கோலம் போயிருக்காரு சார்" என்று பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். உங்கள் பேர் பதியவில்லை. அறுப்புக்கு நம்மை வயலில் இறங்க விடவில்லை.

சாயங்காலம் பூவோடு வந்தீர்கள். "சோழராசா கட்டின கோயிலாம், நாயக்கராசா பெருசாக்கினாராம். குளமா அது? கடல்டி! நடுவுல ஒரு கோயில். கடைத்தெருவுல வண்டி வண்டியா நெல்லு!" நான் ஜீப் வந்ததைச் சொன்னேன். நீங்கள் கத்தவில்லை, காரியஸ்தரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சோறு போடு" என்றீர்கள்.

அதற்கப்புறம் அதே வயலில் கூலிக்கு நட்டோம். வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் மன்னார்குடிப் பெருமைதான் பேசினீர்கள். ஏமாந்தவருக்கு அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே எரியாதா? எனக்கு அப்போதே உறுத்தியது. கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கீழத்தெரு அத்தை சொன்னது: "அதிகாரி வர்றாருன்னு முந்தின நாளே தெருத்தெருவா தமுக்கு அடிச்சாங்களே, தெரியாதா? பேர் கொடுப்பேன்னு எங்க வீட்டுக்காரர் நின்னதுக்கு எங்க கூரை அப்பத்தான் எரிஞ்சு கெடந்துது."

தமுக்கு அடித்த அன்றைக்கு நான் அம்மா வீட்டிலிருந்து பொழுது சாய்ந்துதான் திரும்பினேன். நீங்கள் பகலெல்லாம் தெருவில்தான் இருந்தீர்கள். காரியஸ்தரை இத்தனை வருஷம் சபித்தேன். இப்போது யாரைச் சபிப்பது என்று தெரியவில்லை. உங்களைச் சபிக்க வாய் வரவில்லை, நெஞ்சும் ஆறவில்லை. நம் கூரைக்குப் பயந்துதான் போனீர்கள் என்று ஒரு பொழுது தோன்றுகிறது. மறு பொழுது அதையும் நம்ப முடியவில்லை.

அந்தத் தமுக்கு உங்கள் காதில் விழுந்ததா மாமா?