என் முட்டிக்கு அம்மா வேண்டிக்கொண்டது

பிப்ரவரி 11

வரிச்சிக்குடி ரோட்டில் ஓடும்போது விழுந்துவிட்டேன். காயப்போட்ட நெல்லைச் சுற்றி யாரோ கல் வைத்திருந்தார்கள். மடங்கின முட்டிதான் முதலில் தரையில் இடித்தது. கூட ஓடிய அல்லி தூக்கிவிட்டாள். "ஒண்ணுமில்லடி எழில், நாளைக்கி ஓடிரலாம்." முட்டி தேங்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மே கடைசியில் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. ஓட்டம், நீளம் தாண்டுதல், எதில் தவறினாலும் போச்சு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும்.

பிப்ரவரி 15

எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, காரைக்காலில் நஜீபா மேடத்தின் பிசியோதெரபி கிளினிக்குக் கைகாட்டிவிட்டார். மேடம் என்னைப் படுக்கவைத்து, இரண்டு முட்டியையும் மடக்கச் சொன்னார். பக்கத்தில் குனிந்து, கண்ணை முட்டி மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். வலது காலில் முட்டிக்குக் கீழ் எலும்பு கொஞ்சம் பின்னால் தொய்ந்திருந்தது.

"உள்ளார பின்பக்கத்து ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம். தொடைய பலமாக்குனா அது தாங்கிக்கும். ஆனா முட்டி போடவே கூடாது. போட்டா எலும்பு இன்னும் பின்னாடி போவும்."

அம்மா கேட்டது: "கரண்ட்டு வைக்க மாட்டீங்களா?"

பிப்ரவரி 22

தொடையை இறுக்கு. விடு. இறுக்கு. விடு. இதற்கா பி.காம். படித்தேன்.

மார்ச் 16

இன்று பஸ்ஸிலிருந்து கம்பியைப் பிடிக்காமல் இறங்கினேன். சந்தோஷத்தில் அதை அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு.

நான் விழுந்த அன்றே வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டாளாம். முட்டி சரியானால், அதே முட்டியால் மணலில் நடந்து கோயிலுக்கு வருவேன் என்று. அம்மா இல்லை. நான்! என் முட்டிக்கு, என் முட்டியாலேயே, என்னைக் கேட்காமல்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கொழம்பு ஊத்தவா?" என்றாள். ஊற்று என்றேன்.

ஏப்ரல் 20

அம்மா கிளினிக்கிலேயே பேச்சை எடுத்துவிட்டாள். பரீட்சைக்கு முன்னால் நேர்த்திக்கடனை முடித்துவிட வேண்டுமாம்.

மேடம்: "தாராளமா போங்கம்மா. மெழுகுவத்தி ஏத்துங்க. வேணும்னா மொட்ட போடுங்க. முட்டி மட்டும் வேணாம்."

"போலீசாவப் போற புள்ளைக்கி மொட்டையா, டாக்டரம்மா?"

"தொப்பி போட்டா யாருக்குத் தெரியும்?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. பஸ்ஸில் வரும்போது, "அவங்க வேற மதம். நம்ம நேர்த்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். மாதா மட்டும் எப்போது நம்ம மதம் ஆனாள் என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மே 3

சொல்லிவிட்டேன். "நான் வரல." இரண்டு சொல். பிறந்ததிலிருந்து அம்மாவிடம் எதையும் மறுத்ததில்லை.

அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா, "படிக்க வச்சதுக்கு நல்லா பேசுற" என்று மட்டும் சொன்னாள்.

மே 4

விடிவதற்குள் அம்மா கிளம்பிப் போய்விட்டாள். தனியாக.

மே 4, சாயங்காலம்

எனக்குப் பதில் அவளே முட்டிபோட்டு நடந்திருக்கிறாள். முப்பது வருஷம் நாற்று நட்டுத் தேய்ந்த முட்டிகள். புடவை முட்டிக்கு நேரே கிழிந்திருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. "கடன் தீந்துச்சு. போயி ஓடு."

எனக்கு அழக்கூட வரவில்லை. கோபம்தான் வருகிறது. யாரு கேட்டா? நான் கேட்டனா?

மே 26

நஜீபா மேடம் ஒற்றைக்காலில் குதிக்கவைத்துப் பார்த்தார். வலது கால் இடதைவிடக் குறைவாகத்தான் தாண்டுகிறது. "ஓட்டத்துக்குப் பயமில்ல. தாண்டுறதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடைச்சா நல்லாருக்கும், எழில்." அந்த ஒரு மாசத்துக்கு நான் எங்கே போவேன்?

மே 29

ஓட்டத்தில் தேறினேன். நீளம் தாண்டுதலில் இல்லை. மூன்று வாய்ப்பிலும், எம்ப வேண்டிய பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் வலது கால் தயங்கியது. வலி இல்லை, ஒன்றுமில்லை, சும்மா தயங்கியது. கடைசியில் ஒரு சாண் குறைவு.

அம்மா மைதானத்து கேட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். சொன்னேன்.

"ஒரு சாணா?" என்று கையை விரித்துப் பார்த்தாள்.

வீட்டில்: "வேண்டிக்கிட்டது உன் பேர்ல. நான் போனா மாதா எப்புடி ஏத்துக்குவா?"

இனி ஆயுசுக்கும் இதைக் கேட்க வேண்டும். போயிருந்தால் தாண்டியிருப்பேனா? அந்த முட்டியோடா? மேடம் விளக்கினது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ராத்திரியெல்லாம் இந்தக் கேள்வி ஏன் எனக்கே வருகிறது?

ஜூன் 12

அல்லி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இனிப்பு கொண்டுவந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அம்மா, "சக்கர ஒத்துக்காது" என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி எதுவும் கிடையாது.

ஜூலை 6

குறுவை நடவு நடக்கிறது. அம்மா போகவில்லை. போன வாரம் சேற்றில் குனிந்தவளால் நிமிர முடியாமல், இரண்டு பேர் தூக்கிக் கரையில் விட்டிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததிலிருந்தே வீக்கமாம். இவ்வளவு நாளும் புடவையை இழுத்துவிட்டு மறைத்திருக்கிறாள்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நஜீபா மேடம் அமுக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "தேய்மானம் பழசு. இந்த அடி புதுசு. எதுலம்மா பட்டுச்சு?" என்றார்.

"வயல்ல வழுக்கிட்டேங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜூலை 21

காலையும் மாலையும் துணியைச் சுருட்டி அம்மாவின் முட்டிக்கு அடியில் வைக்கிறேன். முட்டியால் அதை அமுக்கித் தொடையை இறுக்கச் சொல்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிறாள். மற்ற நேரத்தில் எங்களுக்குள் பேச்சு இல்லை.

"போதுமாடி?"

"இன்னும் கொஞ்சம்."