மெமரி கார்டுக்காகத் திரும்பி ஓடியது

மார்கழி 9, சனி. மாதா கோயில் மண்டபம்.

முப்பத்தொரு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று ஒரு வீடியோ கேமுக்காகச் சாகப் பார்த்தேன்.

மத்தியானம் வாவிக்கு அக்கரையிலிருந்து ஷெல் குண்டுகள் வரத் தொடங்கின. அடையாள அட்டைகளும் காணி உறுதிப் பத்திரமும் இருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடினாள். நானும் ஓடினேன். வாசல் படலையைத் தாண்டியதும் மெமரி கார்டு நினைவு வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் முதல் பாகத்தில் செத்துச் செத்துப் பழகிய விளையாட்டு. இந்த மூன்றாம் பாகத்தில் பாலத்துப் பூதத்தை வெல்லவே எட்டு மாதம் பிடித்தது. எல்லாம் அந்தக் கார்டில்தான்.

திரும்பி ஓடினேன். கேம் மெசினில் கார்டு இல்லை. கட்டிலுக்கு அடியிலும் தேடினேன். அடுத்த ஷெல் கிணற்றடியில் விழுந்து கூரை ஓடுகள் சரிந்தன. வெறுங்கையோடு வந்தேன்.

இங்கே பெயர் பதிய அக்கா பையைத் திறந்தாள். என் அடையாள அட்டையோடு, பொலித்தீனில் சுற்றிய அந்தக் கார்டு.

"இத எப்பக்கா எடுத்த?"

"விடியவே வச்சிட்டன். நீ இதுக்காகத் திரும்பி ஓடுவாய் எண்டு எனக்குத் தெரியாதா?" பிறகு என் இடுப்புச் சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லத்தான் மறந்திட்டன், தம்பி."

என் சாரத்தின் நுனியைப் பிடித்தபடியே தூங்குகிறாள். ஒரு மணி நேரமாக ஒன்றுக்கு முட்டுகிறது. எழும்ப மனமில்லை.